வரைபடத்தோடு வந்த பெண்

செடெனாக் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த சிறு கிராமமான கம்பத்துக்குள் அந்தப் பெண் நுழைந்ததிலிருந்தே சதாசிவத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் சுருட்டிய வரைபடத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு, அவளுக்கு முன்பாகவே ஒவ்வொரு வாசலுக்கும் போனார்.

"யாரும் கதவத் திறக்காதீங்க. நெலத்து மேல கண்ணு வச்சிட்டு வந்திருக்கா."

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், நாலெழுத்து படித்தவர். அவர் சொன்னால் கம்பத்தில் மறுபேச்சு இல்லை.

கடைசியில் அவள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, நான் ஷர்மினி. நகராண்மைக் கழகத் திட்டப் பிரிவு. புது ரோடு, கிளினிக், ஸ்கூல் எல்லாம் இந்தப் பக்கம் வருது. விஷயம் தெரியாம யாரும் நெலத்த வித்துடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஒருத்தரும் கதவே திறக்கல லா."

அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சிரித்தார்.

"வயசாச்சும்மா, யாரப் பார்த்தாலும் சந்தேகம். நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். நீ கெளம்பு."

அவள் கார் மறைந்ததும் எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி ஓடி வந்தாள்.

"என்ன சொன்னா, கிராணி ஐயா?"

"நான் பயந்ததுதான். கவர்மெண்டு நெலத்த எடுக்கப் போவுதாம்."

"அலமாக்! நல்லவேளை, நீங்க முன்னாடியே சொன்னீங்க." ஞெகிழிப் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினாள். "கையெழுத்துப் போட்டுட்டேன். கெடைச்ச விலைக்கு நீங்களாச்சும் வாங்கிக்கிறீங்களே, புண்ணியமாப் போவும்!"

சதாசிவம் அதை வாங்கி, மற்ற பதினோரு வீட்டுப் பத்திரங்களோடு வைத்து அலமாரியைப் பூட்டினார்.