மூன்றாவது கட்டுச்சோறு

“கூடையோட கீழ எறங்குங்கம்மா. உங்களைத்தானுங்க!”

செக்போஸ்ட் அதிகாரி லிங்கசாமி மரியாதையாகத்தான் சொன்னார். அவிநாசிக்காரர். ‘ங்க’ போடாமல் அவருக்குத் திட்டக்கூட வராது.

பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லைக்குப் போகிற ரோடு பத்து மைல் இருந்தால் அதிகம். ஆனால் அறுபத்தேழாம் வருஷத்தில் அதில் நடக்காத தில்லுமுல்லு கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசிப் பஞ்சம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு படி அரிசிகூடத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்ட விடமாட்டேன் என்பது லிங்கசாமியின் சபதம்.

ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. கூடையையும் மூட்டையையும் மட்டும் மறக்கவே மாட்டார்.

இறங்கிய அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கூடையின் வாயை நீலப் பனியன் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“பேரென்னங்க?”

“மருதம்மாளுங்க சாமி. திருப்பூருங்க. பனியன் கம்பெனியில மடிக்கிற வேலைங்க.”

“கூடையில?”

“கட்டுச்சோறுங்க. எல்லைக்கு அந்தப்பக்கம் மாசமா இருக்கிற புள்ளைக்குங்க.”

லிங்கசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்த்த தலைகளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

“கேட்டுக்கோங்க! ஆவணியில இதே கூடை, இதே நீலத் துணி. கட்டுச்சோறுன்னாங்க. சரின்னு உட்டேன். ஐப்பசியிலயும் கட்டுச்சோறு. இப்பத் தை மாசம், திரும்பவும் கட்டுச்சோறு! ஏனுங்கம்மா, நானும் இந்தச் சீமையில பொறந்தவன்தானுங்க. தாய்வீட்டுலருந்து சோறு கட்டிட்டுப் போயிப் பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டியாறது, தலைச்சனுக்கு ஒரே ஒருக்காத்தான். உங்க பொண்ணுக்கு வருசத்துல எத்தனை தலைப்பிரசவமுங்க?”

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். மருதம்மாள் தலை குனிந்து நின்றாள்.

வேறு ஊர்க்கார அதிகாரியாக இருந்தால் ஏமாந்திருப்பான். லிங்கசாமிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பூரிப்பாக இருந்தது.

“இந்த ஏமாத்தெல்லாம் எங்கிட்ட நடக்காதுங்க. மூணு வருசத்துக்கு முன்னால, இதே கேட்டுல, ஒருத்தி இப்படித்தான் கட்டுச்சோறுன்னா. மேல புளிசோறு, அடியில ரெண்டு படி அரிசி! கால்ல உழுந்து அழுதா. உடுவனா? கூடையையும் புடுங்கிட்டு, ரெண்டு நாள் லாக்கப்புல உக்கார வெச்சனில்ல!”

மருதம்மாள் நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானே குனிந்து நீலத் துணியை அவிழ்த்தாள்.

“ஆத்தப்பா, பாருய்யா!”

கான்ஸ்டபிள் ஆத்தப்பன் மூட்டை குத்துகிற குத்தூசியைப் புளிசோற்றில் விட்டுக் கிளறினார். எலுமிச்சஞ் சோற்றில் குத்தினார். தயிர்சோற்றுப் போசியைத் தூக்கி, கூடையின் அடிவரைக்கும் தடவிப் பார்த்தார்.

“சோறுதானுங்கய்யா. ஒரு மணி அரிசி இல்லீங்க.”

லிங்கசாமிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விட மனசில்லை.

“அப்பறம் என்னத்துக்குங்க பொய் சொன்னீங்க?”

“எம் பொண்ணுக்குன்னு நாஞ் சொல்லலீங்களே சாமி. ஆவணியில கொண்டுபோனது ஒரு தறிக்காரரு மருமகளுக்குங்க. ஐப்பசியில வேறொரு புள்ளைக்கு. இன்னைக்கு அமீருன்னிசான்னு ஒரு கண்ணுக்குங்க, செங்கச் சூளையில வேலை செய்யுது. அத்தனையும் தாயில்லாத புள்ளைங்க. தலைச்சனுக்கு ஆசையாச் சோறு கொண்டுபோக ஆரு இருக்கா? எங்க கம்பெனிப் பொம்பளைங்க ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போடுவாங்க. ஆக்கிக் கொண்டாறது நானு.”

பஸ்ஸில் சிரிப்பு அடங்கிவிட்டது.

“உங்க சொந்தப் பொண்ணு?” லிங்கசாமியின் குரலும் இறங்கிவிட்டது.

“போயிட்டாளுங்க. மூணு வருசமாச்சு. கூட்டியாரலாம்னு கட்டுச்சோறு கட்டிட்டுக் கெளம்புனனுங்க. நாஞ் சேர்றதுக்குள்ள ஏழாம் மாசத்துலயே வலி கண்டுருச்சு. கையைப் புடிச்சுக்கக்கூட ஒரு பொம்பளை இல்லீங்க. நாம் போயிச் சேர ரெண்டு நாளாயிப்போச்சு.”

அரை நாள் பயணத்துக்கு ரெண்டு நாளா என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் முதன்முறையாக அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். காலடியில் விழுந்து அழுத முகம்.

மருதம்மாள் குத்தூசி கிளறிய சோற்றைக் கையால் சமன்படுத்தி, துணியைத் திரும்பவும் கட்டினாள். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்வதுபோல் அவரிடம் சொன்னாள்:

“மாப்பிள்ளை ஊட்டுல ரெண்டு நாளைக்கு அடுப்பு எரியட்டும்னு, அன்னைக்கு அடியில அரிசியை வெச்சது எந் தப்புத்தானுங்க சாமி. அதுனாலதான், அப்பறமெல்லாம் ஆக்குன சோறு மட்டும் கொண்டாறனுங்க.”