ஜுஹைனாவின் குரல் பதிவு

ஜுஹைனா வாயைத் திறக்கவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் பால்வண்ணநாதன் அவள் முன்னால் குனிந்து நின்றார். ஸ்மார்ட் போர்டில் சின்னப் பாடம்தான். நான் குச்சியால் முதல் வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். அவள் தலை இன்னும் தாழ்ந்தது.

வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதெல்லாம் மூன்றாம் வகுப்புக்குப் பாதிப் பாடம் பள்ளியில், பாதி வீட்டில். நான் போர்டில் நடத்துவதைச் சாயங்காலம் பிள்ளைகள் அம்மாவின் போனில் வாசித்து, பதிவு செய்து எனக்கு அனுப்ப வேண்டும். ஜுஹைனாவின் பதிவுகள் மணிமணியாக இருக்கும். அதை நம்பித்தான் சரளமாக வாசிக்கிற பிள்ளைகளோடு அவளையும் ‘மலர்’ நிலையில் ஏற்றியிருந்தேன்.

வகுப்பிலோ ஓர் எழுத்து உதிர்க்க மாட்டாள். அக்காக்காரி வாசித்து அனுப்புகிறாளோ? அப்படியானால் பொய்ப் பதிவு போட்டவள் நான். மெமோ வரும். அவளும் மறுபடி அ, ஆ எழுதும் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டியதுதான்.

அலுவலர் பள்ளி டேப்லெட்டில் அதே பாடத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். வெளியே போய் வாசித்து அனுப்பச் சொன்னார்.

வராந்தாக் கதவு சாத்திக்கொண்டது. தகரக் கூரையில் சாரல் அடித்தது. பாவி மகளே, என் மானத்தை வாங்கிவிடாதே!

பதிவு வந்தது. போர்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

அவளேதான். ஒரு சொல் தடுக்கவில்லை, கடைசி வரியைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அலுவலர் முகத்தைப் பெருமையாகப் பார்த்தேன்.

பாடம் முடிந்தும் பதிவு ஓடியது. நிறுத்த மறந்திருக்கிறாள். சத்துணவு ஆயா ரெங்கம்மாள் குரல் கேட்டது.

“ஏட்டி, இம்புட்டு நல்லா வாசிக்க. உள்ள வச்சு வாசிச்சா என்னவாம்?”

“அங்கன டீச்சர் நிக்காங்கல்லா ஆயா.”

வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லாம் குனிந்துகொண்டன.

அலுவலர் தன் டேப்லெட்டில் ‘மலர்’ என்பதை உறுதி செய்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“போர்டைத் தொட்டுக் காட்டத்தான் சார் இந்தக் குச்சி,” என்றேன்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.