கருணாகரன் கடையில் புட்டு இல்லை

"புட்டு இல்ல, தேவகுமாரே" என்றார் கருணாகரன்.

அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் இருந்த புட்டுக்குடத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

தேவகுமாருக்குச் சுருக்கென்றது. பாறசாலையை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிக் காலையிலிருந்து ஊர்வலம். "நம்ம ஆளு நம்ம கடையிலதான் வாங்கணும்" என்று தொண்டை கட்டும்வரை கத்தியவரும் அவர்தான். கத்தி முடித்ததும் கால்கள் பழக்கதோஷத்தில் நேராக இங்கேதான் வந்து நின்றன. கருணாகரன் மலையாளக்காரர்தான். என்ன செய்ய, அந்தப் புட்டு அப்படி!

"அப்ப அடுப்புல வேவுறது என்னவாம்?"

"அது வேற ஆளுக்குள்ளதாக்கும். அடுத்த கடையில உண்டு, அங்ஙோட்டு செல்லும்."

"வேற ஆளுன்னா? மலையாளம் பறையுற ஆளோ?"

கருணாகரன் திரும்பிக்கொண்டார். சாயா கிளாஸ் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

தேவகுமார் விருட்டென்று பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். அது சத்தியபாயின் கடை. அவள் புருஷன் ராஜதாஸ் இதே போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவன். அவன் பிடிபட்ட நாள் கலவரத்தில் நொறுங்கிய கடையை இப்போதுதான் மறுபடி திறந்திருக்கிறாள், பாவம்.

"இருங்க அண்ணே" என்று கொல்லைப்பக்கம் போனவள், சுடச்சுடப் புட்டும் பயறும் கொண்டுவந்து இலையில் வைத்தாள்.

முதல் வாயிலேயே தேவகுமாரின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"தமிழச்சி கைன்னா கைதான்! அந்த ஆளு தலைகீழா நின்னாலும் இந்தப் பக்குவம் வராது."

சத்தியபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளையில இருந்து பாரு மக்கா. நம்ம ஆளு ஒருத்தனும் அவனுக்க கடைப்படி ஏறப்பிடாதுன்னு மறியல் வைக்கேன். பூட்டிட்டுப் போவான்!"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப எனக்க கடையையும் பூட்ட வேண்டியதுதான்."

"அது எதுக்கு?"

"எனக்க ஒடஞ்ச அடுப்ப இன்னும் கட்டல்ல, அண்ணே. மாவுதான் எனக்குள்ளது. வேவுறது அவருக்க அடுப்புல. எனக்காவ அவரு புட்டு விக்கதையே நிறுத்திட்டாரு. 'ரெண்டு கடை உண்டுன்னாத்தான் இது முக்கு, பஸ்ஸு நிக்கும். ஒண்ணானா வெறும் ரோடு'ன்னாரு. வெளிய சொல்லப்பிடாதுன்னும் சொன்னாரு."

தேவகுமார் கருணாகரன் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சத்தியபாய் விடவில்லை. "எங்க வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போன பொறவு நம்ம ஆளு ஒருத்தரும் இந்தப் படி ஏறல்ல. நீங்களும் அவரு 'இல்ல'ன்னு சொன்ன பொறவுதானே வந்திய?"

தேவகுமாருக்கு வெட்கமாகிவிட்டது. மிச்சப் புட்டை ஒரு துணுக்கு விடாமல் தின்றார். கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தார். ஊர்வலத்தில் வந்தவர்கள் பசியோடு கருணாகரன் கடையைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

கட்டிய தொண்டையோடு தேவகுமார் கத்தினார்:

"எலே, புட்டு இஞ்ச, சாயா அங்க! ரெண்டும் நம்ம கடையாக்கும்!"