பொலோனியாவில் ஒரு வீடு

நகுலேந்திரன் இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய மனைவி வதனி ஜெனோவாவில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டாள். இருவருக்கும் வேலை கிடைத்த இடங்கள் அப்படி. வருசத்தில் இரண்டு கிழமை ஒன்றாக இருந்தார்கள். பதினோரு வருசம் இப்படியே போய்விட்டது. கிழவி செத்ததும், இனி ஒரே ஊரில் இருப்போம் என்று அவர்தான் முதலில் சொன்னார்.

"பலேர்மோவுக்கு வாருமன். எங்கடை சனம் இருக்கு."

"அந்த வெயில் எனக்கு ஏலாது. நீங்கள் இஞ்சை வாங்கோவன்."

"உங்கை மலை ஏறி இறங்க என்ரை முழங்கால் விடாது."

மூன்று மாதம் போனில் இதையே பேசிக் களைத்து, இருவருக்கும் ஒருவரையும் தெரியாத பொலோனியாவுக்குச் சம்மதித்தார்கள்.

பொலோனியா ஸ்டேசனில் வதனியைக் கண்டதும் அவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். தரகரோடு நான்கு வீடுகள் ஏறி இறங்கினார்கள். நான்காவது வீட்டில் நல்ல வெளிச்சம். குசினியும் பெரிது. தரகர் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டார். வதனி உள்ளே போகாமல் நின்றாள்.

"ஒரு அறைதானோ?" என்று தமிழில் கேட்டாள்.

"நானும் அதைத்தான் யோசிச்சனான்," என்றார் நகுலேந்திரன். "ஆரும் பக்கத்திலை கிடந்தா எனக்கு இப்ப நித்திரை வருதில்லை."

"எனக்கும்தான்."

அதைச் சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. இரண்டு அறை உள்ள வீடு இருக்கிறதா என்று இத்தாலியனில் கேட்டாள்.

"பிள்ளைகளுக்கா?" என்று தரகர் சிரித்தபடி கேட்டார்.

பிள்ளையில்லாத அந்த இருவரும் ஒரே நேரத்தில் ஓம் என்று தலையாட்டினார்கள்.