செவ்வாய்க்கிழமைக் குரல்

ஃப்ரிட்ஜ் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கைப்பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றிருந்தாள்.

ஃப்ரிட்ஜ் போனால் போகட்டும். அந்தச் சர்க்கரையின் வாயை இன்றோடு அடைத்துவிட வேண்டும்.

சர்க்கரை என்பது அவளாக வைத்த பெயர். நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அவள் புருஷனுக்கு ஃபோன் செய்கிறவள். குரலைத் தவிர அவளைப் பற்றி வேறெதுவும் தெரியாது. ஒருதடவை ஃபோனை இவளே எடுத்துவிட்டாள். "சார் இருக்காங்களா?" என்று கேட்ட அந்தக் குழைவு இன்னும் காதில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அட்டைப்பெட்டிக் கம்பெனி மெஷினில் கை சிக்கி அவன் வீட்டில் கிடந்தபோது மாதாமாதம் நஷ்டஈடு வந்தது. கொஞ்சம் தேறியதும் கேட்டில் லாரிகளை உள்ளே விடும் லேசான வேலைக்குப் போனான். கம்பெனி அதை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. சம்பளமும் வந்தது, நஷ்டஈடும் நிற்காமல் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டையும் சந்தோஷமாகச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

பிறகுதான், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தது. மொத்தமாகக் கட்ட வழியில்லை. தவணை கேட்டார்கள். தவணையோடு ஒட்டிக்கொண்டு வந்தவள்தான் சர்க்கரை.

பணம் கேட்டு ஃபோன் வந்தால் மற்ற ஆண்கள் குளியலறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். இவள் புருஷனோ செவ்வாய்க்கிழமை லீவு நாளும் அதுவுமாகச் சவரம் செய்துகொண்டு காத்திருந்தான்.

வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்'. அந்த ஃபோன் வந்தால் மட்டும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சாத்தினால் என்ன, காதையுமா சாத்த முடியும்? துணி மடிக்கிற சாக்கில் அவள் கதவோரம் நிற்பாள்.

"ராத்திரியில தூக்கமே இல்ல மேடம்" என்றான் ஒருநாள்.

"இதெல்லாம் வீட்ல சொல்ல முடியுமா?" என்றான் இன்னொருநாள்.

போன வாரம், "நீங்க கேட்டதே போதும் மேடம்" என்றான். குரல் தழுதழுத்தது. மடித்து வைத்த துணியையெல்லாம் அவள் உதறித் தரையில் போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவன் அவளுக்கு ஒருதரம்கூடக் காட்டியதில்லை.

அதனால்தான் ஃப்ரிட்ஜ் பணம். முழுப் பாக்கியையும் விட்டெறிந்தால் தவணை கிடையாது. தவணை போனால் ஃபோனும் போகும். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இருப்பதிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டாள்.

வரிசை நகர்ந்தது. கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

ஜலதோஷத்தில் சிவந்த மூக்கு. நரை ஓடிய வகிடு. பாதி சாப்பிட்ட டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு சர்க்கரை யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அழகியாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

"கால் இப்ப எப்படிங்க இருக்கு? ராத்திரி வலி விடுதா, தூங்க முடியுதா? வீட்ல சொன்னீங்களா?"

அதே குழைவு. யாரோ ஒருவரிடம். எதிரே இருந்த திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை பொறுத்திருந்தாள்.

கதவோரம் நின்று அவள் பாதி கேட்ட பேச்சுக்கெல்லாம் மீதிப் பாதி இதுதானா?

அவள் முறை வந்தது. புருஷன் பெயரைச் சொல்லி, பணத்தை எடுத்து வைத்தாள். சர்க்கரை அதைத் தொடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. ராத்திரியில வலி தாங்கலன்னு சொல்றாரு. வீட்ல இருக்கறவங்க ஒருத்தர் பார்த்துச் சொன்னா, மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி எழுதலாம். நீங்க சொல்லுங்க, அவர் கை ராத்திரியில எப்படி இருக்கு?"



பக்கத்தில்தான் படுக்கிறாள். எந்தக் கை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். வலிக்கிறதா என்று கேட்டால்?

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிவந்த அன்றே அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அந்தக் கையைப் பற்றி யாரும் பேசக் கூடாது, பேசினால் அவன் மனசு ஒடிந்துவிடும். பிள்ளைகளை மிரட்டி வைத்தாள். நலம் விசாரிக்க வந்த மாமியாரை வாசலிலேயே எச்சரித்துத்தான் உள்ளே விட்டாள். ஒருநாள் ராத்திரி அவனே ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "அதெல்லாம் நினைக்காதீங்க, தூங்குங்க" என்று அவன் வாயையும் பொத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பொறாமையில் இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பணத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுங்க மேடம்" என்றாள். "நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியல."