துக்க வீட்டில் நட்சத்திரம்

வாசலில் மூன்று பேர் இருக்கிறார்கள்: ஸ்டூல் மேல் நிற்கும் பவுலின், ஸ்டூலைப் பிடித்திருக்கும் பக்கத்து வீட்டுச் சித்ரா, முகம் கடுகடுத்து நிற்கும் சூசை. பவுலினின் கணவனுக்கு அவர் அண்ணன். பங்குனியில் இறந்துபோன தம்பி உள்ளே சுவரில் படமாகச் சிரிக்கிறான். சாவு விழுந்த வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். காரைக்குடியின் அந்தச் சந்தில் பொழுது சாய்கிறது. பவுலின் சிவப்புக் காகித நட்சத்திரத்தைக் கொக்கியில் மாட்டி இறங்கி, உள்ளே போய்ச் சுவிட்சைப் போடுகிறாள். எதிர்வீட்டுச் சுவர் வரை சிவக்கிறது. பின்னாலேயே வந்து சூசை விளக்கை அணைக்கிறார்.

"ஊரு காறித் துப்பும். ஒரு வருசம் பொறுக்க மாட்டியா?"

"இத்தன மாசமா இருட்டுக்குள்ளதான கெடந்தேன் மச்சான். அப்ப எந்த ஊரு எட்டிப் பாத்துச்சு?"

"அதானே," என்கிறாள் சித்ரா. "துப்புறதுக்குன்னா மட்டும் வரிசையில வருவாக."

"நீ சும்மா இரு தாயி, இது எங்க வேதத்து வழக்கம்."

பவுலின் சூசை பக்கம் திரும்புகிறாள். "செத்தவுக எந்திரிப்பாகன்னு கோயில்ல கையக் கூப்பிச் சொல்றீகள்ல? அத வீட்டுல வச்சு நம்புனா மட்டும் தப்பா? எனக்கு அத விட்டா வேற என்ன இருக்கு?"

"இது தொங்குற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்று சூசை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்.

பவுலின் சுவிட்சைத் தட்டுகிறாள். தெருவில் அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு சிவக்கிறது. அவள் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.