ஒரு சொட்டு விழாது

"சின்னதா இருக்கணும் பாய். வெலை கம்மியா இருக்கணும். மழை வருதுன்னா முன்கூட்டியே சொல்லணும். அம்புட்டுதான்."

கம்பம் கடைவீதியில் ரேடியோக் கடை வைத்திருக்கும் மீரான் மைதீன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். இரண்டு நாளில், ஞாயிற்றுக்கிழமை, ஒரே மகள் நசீமாவுக்குக் கல்யாணம். ஒரு வாரமாகவே மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு யார் வந்தாலும் முதலில் பேரீச்சம்பழம், அப்புறம்தான் வியாபாரம்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

மீரான் மைதீன் சிவப்பு ரேடியோ ஒன்றை எடுத்து வைத்தார். "இதைப் பாருங்கண்ணே. ரேடியோ இருக்கு, டார்ச் இருக்கு, சைரன்கூட இருக்கு."

"மழை வந்தா சைரன் அடிக்குமா?"

"அடிக்கும். ஆனா நாமதான் அமுக்கணும்."

"அதுக்கு நானே கத்திப்புடுவேனே!"

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்து வந்த ரேடியோவின் ஏரியல் கம்பி முழ நீளம் நீண்டது. பார்த்ததுமே வந்தவர் அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

"போன்லயே மழை பாக்கலாமேண்ணே?"

"போனை எடுத்தா நாலு பேரு எட்டிப் பாக்குறாக பாய்."

"எந்த ஊரு உங்களுக்கு?"

"உத்தமபாளையம் பக்கம்."

"அங்கனயே நாலு கடை இருக்குமே?"

"அங்கன வேணாம்" என்றார் வந்தவர் சட்டென்று. "மடியில வச்சா வெளிய தெரியக்கூடாது. ஒத்தைக் காதுல மட்டும் கேக்கணும்."

மீரான் மைதீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணைச் சிமிட்டினார். "வீட்டுல அக்காவுக்குத் தெரியாம பாட்டுக் கேக்கணுமாக்கும்?"

வந்தவர் தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மீரான் மைதீன் மேல்தட்டில் தேடி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு ரேடியோவை எடுத்தார். முந்நூற்றைம்பது ரூபாய். ஏரியல் கிடையாது, காதில் செருகும் ஒயர்தான் ஏரியல். பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார். வந்தவர் காதில் வைத்துக் கேட்டார். தெளிவாகப் பாட்டு வந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

நல்ல மனநிலையில் இருக்கிறவனுக்கு நியாயம் கொஞ்சம் கூடுதலாகவே பேசத் தோன்றும். மீரான் மைதீனுக்கும் தோன்றியது.

"அண்ணே, என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கிறேன். நெசமாவே மழைக்குத்தான்னா உங்களுக்கு ரேடியோவே வேணாம். உங்க பக்கத்துல, அனுமந்தன்பட்டியில, கோட்டைச்சாமின்னு ஒருத்தர் இருக்காக. தலையில துண்டைப் போத்திக்கிட்டு, கண்ணை மூடி அஞ்சு நிமிசம் உக்காருவாகளாம். எந்திரிச்சுச் சொன்னா சொன்னதுதான்! திராட்சைக்கு மருந்தடிக்கிறவுக பூராம் அவுக வாக்கைக் கேட்டுத்தான் அடிக்கிறாக."

அப்போதுதான் வாயில் போட்ட இரண்டாவது பேரீச்சம்பழம் வந்தவருக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். "நீங்க அவரைப் பாத்திருக்கீகளா?"

"எனக்கு எங்கண்ணே நேரம்? செவ்வாக்கிழமை என் மச்சான் தௌபீக்கை அனுப்பிவிட்டேன். ஞாயித்துக்கிழமை ஒரு சொட்டு விழாதுன்னு சொல்லிட்டாக! ஐப்பசி மாசம், தகரப்பந்தல் போடுன்னு ஊரே பயமுறுத்துச்சு. நான் கேக்கலையே! நம்ம தென்னந்தோப்புல வெறும் துணிப்பந்தல். எண்ணூறு பேருக்கு பிரியாணி, அடுப்புகூட வெட்டவெளியிலதான். நீங்களும் வந்துருங்கண்ணே!"

வந்தவரின் காதில் பாட்டு நின்று வானிலை அறிவிப்பு வந்திருந்தது. காதிலிருந்து ஒயரை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மீரான் மைதீனுக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்தார்.

"...தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களும் இடி மின்னலுடன் மிகக் கனமழை..."

வந்தவர் பதறிப்போனார். "பாய், இப்பவே பந்தக்காரருக்கு போனைப் போடுங்க. தகரம் அடிக்கச் சொல்லுங்க."

மீரான் மைதீன் கலகலவென்று சிரித்தார். "ரேடியோ ஆயிரம் சொல்லும்ணே. முப்பது வருசமா ரேடியோ விக்கிறேன், எனக்குத் தெரியாதா? கோட்டைச்சாமி அண்ணன் சொன்னா முடிஞ்சுது."

"அந்தாளு சொன்னது தப்பு பாய்."

சிரிப்பு நின்றது. "என்னண்ணே இப்படிப் பேசுறீக? அவுக வாக்கு ஒரு தடவை பொய்யாயிருக்கா?"

"இந்தத் தடவை பொய்யாகும். புள்ளை கல்யாணம் பாய். எண்ணூறு பேரு சோத்துல தண்ணி ஊத்திராதீக."

"ரேடியோவைக் கீழ வைங்க." மீரான் மைதீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் கல்யாணத்தில் போய் அபசகுனமாகப் பேசினால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்? "பெரிய மனுசனைப் பழிக்கிற ஆளுக்கு நான் யாவாரம் பண்றதா இல்ல. தகரமும் போட மாட்டேன். கெளம்புங்க."

வந்தவர் கிளம்பவில்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தவராகக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து, மீரான் மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா வெளிய சொல்லிராதீக பாய். நான்தான் கோட்டைச்சாமி. உங்க மச்சான் வந்து கேட்ட அன்னைக்கு, துண்டுக்குள்ள இருந்த ரேடியோ பேசவே இல்ல!"